மூன்று பாக்கெட் சிகரெட்டும் ஒரு பூங்கொத்தும்: கிழக்கு ஜெர்மனியின் உழைப்பு வீரர்களைத் தேடி

ஞாயிறு, பெர்லின்

மாவர்பார்க் சந்தையில் ஞாயிறுதோறும் பழைய கேமராக்கள், சைக்கிள் விளக்குகள், யாரோ ஒரு குடும்பத்தின் திருமணப் படங்கள் எல்லாம் விலைக்குக் கிடைக்கும். நான் தேடிப் போனது பதக்கம். அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. ஒரு மேசையின் ஓரத்தில் பிளாஸ்டிக் பெட்டிகளோடு குவிந்து கிடந்தன. விலை ஒரு காபிக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

கிழக்கு ஜெர்மனி என்ற நாடு 1949 அக்டோபரில் பிறந்து 1990 அக்டோபரில் மறைந்தது. இருந்த காலத்தில் அது தன் குடிமக்களின் சட்டையில் குத்திய உலோகத்துக்குக் கணக்கில்லை. உச்சியில் கார்ல் மார்க்ஸ் விருது, 1953 முதல், 20,000 மார்க் பணத்துடன். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1950 ஏப்ரல் 19 அன்று, ‘உழைப்பு வீரர்’ பட்டத்தை உருவாக்கிவிட்டார்கள். ஆண்டுக்கு அதிகம் போனால் ஐம்பது பேருக்கு. கூடவே 10,000 மார்க் வரை. 1954இல் ‘உழைப்பின் கொடி’ வந்தது. இவை தவிரத் தொழில்வாரியாகவும் பட்டங்கள் உண்டு: தகுதிசால் சுரங்கத் தொழிலாளி, தகுதிசால் ரயில்வே ஊழியர், மக்களின் தகுதிசால் ஆசிரியர், மக்களின் தகுதிசால் மருத்துவர். எல்லாவற்றுக்கும் அடியில், மிகப் பெரிய எண்ணிக்கையில், ‘ஆக்டிவிஸ்ட்’ பதக்கம். இங்கே ஆக்டிவிஸ்ட் என்றால் ஊர்வலம் போகிறவர் அல்லர். தொழிற்சாலையில் நிர்ணயித்ததற்கு மேல் வேலை செய்து காட்டியவர். மேசையில் குவிந்து கிடந்தவற்றில் பெரும்பகுதி இதுதான்.

“சான்றிதழோடு வேண்டுமென்றால் விலை வேறு” என்றார் கடைக்காரர். மடித்த அட்டையைத் திறந்து காட்டினார். ஒரு பெண்ணின் பெயர், ஆலையின் முத்திரை, அக்டோபர் 7 என்ற தேதி. குடியரசு நாள் அது; பதக்கங்கள் மே தினத்திலும் அந்த நாளிலும் மொத்தமாக வழங்கப்பட்டன. இன்னொருத்தியின் பெயரைக் காசு கொடுத்து வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பெயரில்லாத பதக்கம் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இந்தப் பயணத்துக்கு ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறேன். ஓர் அரசு ஒரு தொழிலாளியை மேடைக்கு அழைத்துப் பாராட்டும்போது, அவருக்குப் பக்கத்து எந்திரத்தில் நிற்கும் தொழிலாளிக்கு என்ன ஆகிறது? கூலி உழைத்த நேரத்துக்கு அல்ல, உழைப்பின் அளவுக்கு என்று இருக்கும் இடத்தில் இது வெறும் மனத்தாங்கல் பற்றிய கேள்வி இல்லை. ஒருவர் நான்கு மடங்கு செய்து காட்டிவிட்டால், மற்றவர்களுக்கு வைத்திருக்கும் நிர்ணய அளவு குறைவாக இருக்கிறதோ என்று மேலே இருப்பவர் யோசிக்கத் தொடங்குவார். அளவு உயர்ந்தால் அதே உழைப்புக்குக் கையில் வரும் காசு குறையும்.

திங்கள், பெர்லின்

திங்கள்கிழமை அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். தெருவிலேயே பார்க்கக்கூடியவற்றைப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

லைப்ஸிகர் தெருவும் வில்ஹெல்ம் தெருவும் சேரும் மூலையில் ஒரு பிரம்மாண்டமான சாம்பல்நிறக் கட்டடம். நாஜிக் காலத்தில் கோரிங்கின் விமான அமைச்சகம். 1949இல் கிழக்கு ஜெர்மனி பிறந்ததாக அறிவிக்கப்பட்டது இங்கேதான். பிறகு அதன் அமைச்சகங்களின் இல்லம். இப்போது ஒன்றுபட்ட ஜெர்மனியின் நிதி அமைச்சகம். ஆட்சிகள் மாறினாலும் அதிகாரிகளுக்கு அறைகள் தேவைப்படுகின்றன.

தூண்களுக்குப் பின்னால் சுவர் நீளத்துக்கு ஓர் ஓவியம். மைசன் பீங்கான் ஓடுகளில் மாக்ஸ் லிங்னர் வரைந்தது. தொழிலாளி, உழவர், பொறியாளர், பாடிக்கொண்டு வரும் இளைஞர்கள். எல்லார் முகத்திலும் ஒரே சிரிப்பு. பிரதமர் ஓட்டோ குரோட்டவோல் தலையிட்டுத் தலையிட்டு வரைவைப் பலமுறை மாற்ற வைத்தார் என்கிறார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. ஓவியன் சிரித்துக்கொண்டே வரைந்த படம் மாதிரித் தெரியவில்லை. 1953 ஜனவரியில் திறந்தார்கள்.

அதே ஆண்டு மே மாதம், நிர்ணய அளவைக் குறைந்தது பத்து சதவீதம் உயர்த்தக் கட்சி முடிவெடுத்தது. ஜூன் 16 அன்று ஸ்டாலின் அவென்யூவில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் சாரத்தைவிட்டு இறங்கி நேராக இந்தக் கட்டடத்துக்கு நடந்து வந்தார்கள். உயர்வை அன்றே திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் காலம் கடந்திருந்தது. மறுநாள் நாடு முழுவதும் 700க்கும் மேற்பட்ட ஊர்களில் வேலைநிறுத்தம், ஊர்வலம். சோவியத் டாங்குகள் வந்தன. குறைந்தது 55 பேர் இறந்தார்கள்.

அந்த ஊர்வலத்தின் புகைப்படத்தை 2000ஆம் ஆண்டு வொல்ஃப்காங் ரூப்பெல் என்ற கலைஞர் கண்ணாடியில் பெரிதாக்கி, ஓவியத்துக்கு முன்னால் தரையில் பதித்துவிட்டார். சுவரில் சிரிக்கும் தொழிலாளர்கள், தரையில் கைகோத்து நடக்கும் தொழிலாளர்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். நான் நின்ற அரை மணி நேரத்தில் கடந்து போனவர்களில் ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. கழுத்தில் அடையாள அட்டையோடு நிதி அமைச்சக ஊழியர்கள் படத்தின் ஓரமாக நின்று புகைத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து சிவப்பு நகர்மன்றம். அதன் முன்னால் ஃப்ரிட்ஸ் கிரேமர் 1958இல் வார்த்த இரண்டு வெண்கலச் சிலைகள்: போருக்குப் பின் இடிபாடுகளை அள்ளிய ஒரு பெண், கட்டுமான வேலைக்கு வந்த ஓர் ஆண். எங்கள் சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலை வந்தது 1959இல். மெரினாவின் நால்வருக்கும் பெயர் கிடையாது, இந்த இருவருக்கும் கிடையாது. பெயரில்லாத தொழிலாளிக்குச் சிலை வைப்பதில் அரசுகளுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது: அவர் நாளை வேலைநிறுத்தம் செய்யமாட்டார்.

மாலையில் பழைய ஸ்டாலின் அவென்யூ. 1961 நவம்பரிலிருந்து கார்ல் மார்க்ஸ் அவென்யூ. இருபுறமும் அரண்மனைகளைப் போன்ற குடியிருப்புகள். வேபர்வீஸே உயர்மாடியையும் ஃப்ராங்க்ஃபுர்ட்டர் டோரின் இரட்டைக் கோபுரங்களையும் வடிவமைத்தவர் ஹெர்மன் ஹென்செல்மன். இடிபாடுகளை அகற்றுவதற்கு ஓய்வு நேரத்தில் வந்து உழைத்தவர்களுக்கு இங்கே வீடு கிடைக்கக் குலுக்கல் சீட்டு கொடுத்தார்கள். சூடான தண்ணீர், மத்திய வெப்பமூட்டல், மின்தூக்கி. அன்றைய பெர்லினில் பலருக்குக் கூரையே இல்லாதபோது இது பதக்கத்தைவிடப் பெரிய பரிசு. வீடு பரிசாகக் கிடைத்தால் நானும் செங்கல் சுமந்திருப்பேன்.

தெருவுக்கு அடியிலேயே ஓடுகிற யூ5 ரயிலில் கிழக்கே போனால் ஃப்ரீட்ரிக்ஸ்ஃபெல்டே கல்லறைத் தோட்டம். சோஷலிசத் தலைவர்கள் ரோசா லக்சம்பர்க்கும் கார்ல் லீப்க்னெக்டும் நினைவுகொள்ளப்படும் இடம். பக்கத்துப் பாதையில், அமைச்சர்களும் தளபதிகளும் இருக்கும் வரிசையில், அடோல்ஃப் ஹென்னெக்கே என்ற சுரங்கத் தொழிலாளியின் சாம்பலும் இருக்கிறது. அவருக்காகத்தான் வியாழக்கிழமை ஓல்ஸ்னிட்ஸ் போகிறேன். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டியிருந்ததால் அதிகம் நிற்கவில்லை.

செவ்வாய், ஐசன்ஹியூட்டன்ஷ்டாட்

பெர்லினிலிருந்து ஆர்.இ.1 வண்டி நேராக வருகிறது. இந்த ஊருக்கு மூதாதையர் கிடையாது. 1950இல் ஓடர் ஆற்றங்கரையின் பைன் காட்டில் ஓர் உருக்காலையையும், அதன் தொழிலாளர்களுக்கு ஒரு நகரத்தையும் கட்டத் தொடங்கினார்கள். 1951 செப்டம்பரில் முதல் ஊதுலையில் இரும்பு ஒழுகியது. 1953 மே மாதம் ஸ்டாலின் நகரம் என்று பெயர் சூட்டி, 1961இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆலை இன்றும் ஓடுகிறது, கை மாறியிருக்கிறது. நடிகர் டாம் ஹாங்க்ஸ் ஒருமுறை வந்துவிட்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்த ஊரைப் புகழ்ந்து பேசினார் என்பதை இங்கே ஒருவர் விடாமல் சொல்கிறார்கள்.

கார்ல் மார்க்ஸ் தெருவில் ‘ஆக்டிவிஸ்ட்’ என்றே பெயர் கொண்ட ஒரு கட்டடம் இருக்கிறது. 1953இல் பெரிய உணவு விடுதியாகக் கட்டியது. நிர்ணய அளவுக்கு மேல் உழைத்தவர்களும் உழைக்காதவர்களும் ஒரே பீரைக் குடித்த இடம். நாட்டோடு சேர்ந்து அதுவும் பாழடைந்து, பிறகு புதுப்பிக்கப்பட்டு, இப்போது வீட்டுவசதிக் கூட்டுறவின் அலுவலகமும் அங்கே இருக்கிறது. பெயர்ப் பலகையை மாற்றவில்லை. நல்ல காரியம்.

நான் வந்தது அருங்காட்சியகத்துக்கு. முன்னாள் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் கிழக்கு ஜெர்மனியின் அன்றாட வாழ்வைச் சேகரித்து வைத்திருக்கிறார்கள். படிக்கட்டில் வால்டர் வோமாக்காவின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்; ஆளை நிறுத்திவிடுகிறது. உள்ளே பிளாஸ்டிக் முட்டைக் குவளைகள், வானொலிகள், பள்ளிப் பைகள். எனக்கு வேண்டியது பிரிகேட் நாட்குறிப்புகள், அதாவது ஆலைத் தொழிலாளர் குழுக்கள் எழுதி வைத்தவை.

கதை இப்படி. தனிமனித வீரனைத் தூக்கிப் பிடித்து 1953இல் கையைச் சுட்டுக்கொண்ட அரசு, மெல்லக் குழுவின் பக்கம் திரும்பியது. 1959 ஜனவரியில் பிட்டர்ஃபெல்டின் மின்வேதியியல் ஆலையில் ஒரு பிரிகேட், சோவியத் யூனியனின் டொன்பாஸ் நிலக்கரிப் பகுதியைச் சேர்ந்த சுரங்கத் தொழிலாளியான நிக்கலாய் மமாயின் பெயரைத் தாங்கிய குழு, ‘சோஷலிச வழியில் உழைப்போம், கற்போம், வாழ்வோம்’ என்று அறைகூவல் விட்டது. அதிலிருந்து குழுவுக்கான பட்டம் பிறந்தது. பட்டம் பெற உற்பத்தி மட்டும் போதாது. குழுவாக நாடகம் பார்க்க வேண்டும். ஒரு பள்ளி வகுப்பைத் தத்தெடுத்துக்கொள்ள வேண்டும். சோவியத் நட்புறவுச் சங்கத்தில் சேர வேண்டும். வியட்நாமுக்கு நிதி திரட்ட வேண்டும். இவ்வளவும் செய்ததற்கு ஆதாரமாக ஒரு நாட்குறிப்பு எழுத வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளவும் வேண்டும்.

கண்ணாடிக்குப் பின்னால் திறந்து வைத்திருந்த ஒரு பக்கத்தில் நாடகச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. வரிசையாகப் பன்னிரண்டு. கீழே அழகான கையெழுத்தில் நாடகத்தைப் பற்றி இரண்டு வரி, பிறகு குடித்த மதுவைப் பற்றி ஆறு வரி. அடுத்த பக்கத்தில் மார்ச் 8, மகளிர் நாள். ஆண்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு கேக் பரிமாறும் புகைப்படம்.

காவலுக்கு நின்ற அம்மையார் நான் குனிந்து படிப்பதைக் கவனித்துவிட்டு வந்தார். அவரும் ஆலையில் பளுதூக்கி ஓட்டியவர்; குழுவின் நாட்குறிப்பை எழுதியவரும் அவரே. ஏன் அவர் என்று கேட்டேன். “கையெழுத்து நன்றாக இருந்தது. தப்பிக்க முடியவில்லை” என்றார். முதல் சில பக்கங்களில் செய்தித்தாளிலிருந்து கட்சி மாநாட்டுச் செய்தியை வெட்டி ஒட்டிவிடுவார்களாம். பரிசோதிக்க வருகிறவர் அதைப் பார்த்துத் திருப்தியாகிவிடுவார். “அதற்கப்புறம் இருக்கிற பக்கங்கள் எங்களுடையவை.”

பதக்கத்தோடு வந்த பணம் குழுவின் பொதுப் பணப்பெட்டிக்குப் போய், அங்கிருந்து பந்துருட்டு விளையாடும் மாலைப்பொழுதுக்கும் பஸ் பயணத்துக்கும் போய்விடும். ஒருவர் உடம்பு சரியில்லாமல் படுத்தால் யார் பார்க்கப் போவது என்பதுவரை குழுவுக்குள் பேசி முடித்துவிடுவார்கள். இதை அரசு உத்தரவு போட்டா வாங்கியது? ஓரளவுக்கு ஆம். நாடகம் பார்க்க வேண்டும் என்று சொன்னது அரசு. ஆனால் இடைவேளையில் யார் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று அது சொல்லவில்லை. பதக்கத்தைச் சாக்காக வைத்து இவர்கள் தங்களுக்கென்று ஒரு வாழ்க்கையைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதே நாட்டில் தோழன் தோழனைப் பற்றி ரகசியப் போலீசுக்கு எழுதிக் கொடுத்த பக்கங்களும் இருக்கின்றன. அவை ஒட்டிய நாடகச் சீட்டு இல்லாத பக்கங்கள், வேறு காப்பகத்தில்.

அவரிடம் உங்கள் பதக்கம் எங்கே என்று கேட்டேன். யோசித்தார். “பொத்தான் டப்பாவில் இருக்கலாம்.”

புதன், கெம்னிட்ஸ்

நாள் முழுவதும் ரயில். எல்ஸ்டர்வெர்டாவில் மாறும்போது கொட்டும் மழை. கெம்னிட்ஸ் 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸ் நகரமாக இருந்தது. மார்க்ஸ் இந்த ஊருக்கு வந்ததே இல்லை. அதற்குப் பரிகாரமாக லெவ் கெர்பெல் செய்த அவருடைய வெண்கலத் தலையை மட்டும் 1971இல் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஏழு மீட்டருக்குமேல் உயரம், ஏறத்தாழ 40 டன் எடை. பின்சுவரில் ‘உலகத் தொழிலாளர்களே ஒன்றுசேருங்கள்’ நான்கு மொழிகளில். முன்னால் ஸ்கேட்போர்டு பழகும் பையன்கள். ஈரக் காலணியோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு விடுதிக்கு வந்துவிட்டேன்.

வியாழன், ஓல்ஸ்னிட்ஸ்

ஸ்டோல்பர்க்கில் வண்டி மாறி வந்தேன். எர்ட்ஸ் மலையடிவாரத்தில் சின்ன ஊர். தூரத்திலிருந்தே சுரங்கத்தின் ஏற்றக் கோபுரம் தெரிகிறது. பேரரசி அகுஸ்டா சுரங்கமாக இருந்து, போருக்குப் பின் கார்ல் லீப்க்னெக்ட் சுரங்கமாகப் பெயர் மாறியது. 1971இல் இந்தப் பகுதியில் நிலக்கரி வெட்டுவது நின்றது. 1986 முதல் அருங்காட்சியகம்.

ஏன் இந்த ஊர் என்பதற்கு ஒரு பூகோளக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியின் கருநிலக்கரியில் பெரும்பகுதி ரூர் பகுதியில், மேற்கத்திய நாடுகளின் கையில் இருந்தது. சோவியத் படைகளின் கையில் இருந்த கிழக்குப் பகுதிக்கு மிஞ்சியவற்றில் முக்கியமானவை ஸ்விக்காவும் லுகாவ்–ஓல்ஸ்னிட்ஸும்தான். எந்திரங்களையும் தண்டவாளங்களையும் போர் இழப்பீடாக சோவியத் யூனியன் கழற்றிக்கொண்டு போனது. தொழிலாளிக்கு வயிறு நிறையச் சோறில்லை. 1947 அக்டோபரில் சோவியத் ராணுவ நிர்வாகம் 234 என்ற எண்ணிட்ட உத்தரவைப் பிறப்பித்தது: உற்பத்தியை உயர்த்து, அளவுக்கேற்ற கூலி கொடு, ஆலையில் சூடான ஒருவேளை உணவு போடு. மக்களுக்கு அதில் மனதில் நின்றது சூடான உணவுதான்.

அது போதவில்லை. ஒரு வீரன் தேவைப்பட்டான். முன்மாதிரி தயாராக இருந்தது. 1935 ஆகஸ்ட் இறுதியில் டொன்பாஸில் அலெக்சேய் ஸ்தகானவ் ஒரே ஷிஃப்டில் 102 டன் வெட்டினார். நிர்ணய அளவு 7 டன். அவர் வெட்ட வெட்டப் பின்னாலேயே சுரங்கக் கூரையைத் தாங்கும் கட்டைகளை நிறுத்திக்கொண்டு வந்தவர்கள் இரண்டு பேர், கவ்ரீலா ஷிகோலெவ், தீகோன் போரிசென்கோ. உலகம் மனப்பாடம் செய்தது ஸ்தகானவ் பெயரை மட்டும். அவருக்கேகூட ‘சோஷலிச உழைப்பு வீரர்’ பட்டம் 1970இல்தான் வந்தது. அந்தப் பட்டத்தை முதலில் பெற்றுக்கொண்டவர், 1939 டிசம்பரில், ஸ்டாலின். எந்தச் சுரங்கத்தில் எத்தனை டன் என்று கேட்கக்கூடாது.

ஓல்ஸ்னிட்ஸில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அடோல்ஃப் ஹென்னெக்கே. வயது 43, கட்சி உறுப்பினர், அனுபவசாலி. அவர் முதலில் தயங்கினார். தோழர்கள் என்ன சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. பிறகு ஒத்துக்கொண்டார். நல்ல படிவமுள்ள இடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்தார்கள். கட்டைகளும் காற்றுச் சுத்தியலும் தயார். 1948 அக்டோபர் 13 புதன்கிழமை, 24.4 கன மீட்டர் நிலக்கரி. நிர்ணய அளவு 6.3. சதவீதக் கணக்கில் 387.

அவருக்குக் கிடைத்த பரிசு: ஒன்றரைக் கிலோ கொழுப்பு, மூன்று பாக்கெட் சிகரெட், ஒரு பாட்டில் பிராந்தி, 50 மார்க், ஒரு பூங்கொத்து. பட்டியலில் கொழுப்பு முதலில் வருவதைக் கவனியுங்கள். 1948இல் அந்த வரிசைதான் நியாயம்.

மறுநாள் அவர் சுரங்க முற்றத்துக்கு வந்தார். இந்தப் பகுதியில் சுரங்கத்துக்குள் இறங்கும் யாரும் யாருக்கும் சொல்லும் வாழ்த்து ‘க்ளூக் அவுஃப்’. நல்லபடியாக மேலே வா என்ற பொருளில் சொல்வது. பிடிக்காதவனுக்கும் சொல்வது, ஏனென்றால் பாறை சரியும்போது பக்கத்தில் இருக்கப் போவது அவன்தான். ஹென்னெக்கே ‘க்ளூக் அவுஃப்’ சொன்னார். யாரும் பதில் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, நாடே அறிந்த மனிதராகிவிட்ட பின்னும், இதை அவரே சொல்லியிருக்கிறார். வசைக் கடிதங்களும் மிரட்டலும் வந்தன. பாராட்டுக் கடிதங்களும் வந்தன, தூரத்து ஊர்களிலிருந்து.

ஒரு சுற்றுக்காட்டி, ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், எங்களை மாதிரிச் சுரங்கப் பாதைக்குள் அழைத்துப் போனார். காற்றுச் சுத்தியலைக் கையில் கொடுத்தார். தூக்கிப் பிடிக்கவே தோள் நடுங்கியது. “387 சதவீதம் பொய்யா?” என்று ஒரு ஜெர்மானியப் பயணி கேட்டார். “நிலக்கரி உண்மை” என்றார் சுற்றுக்காட்டி. “அவர் வெட்டினார். ஆனால் அந்தப் பாதையை நேற்று யார் சுத்தம் செய்தது, கட்டையை யார் கொண்டுவந்து அடுக்கியது என்று கேளுங்கள். என் தாத்தா இங்கே வேலை பார்த்தார். அவருக்கு ஹென்னெக்கே மேல் கோபம் இல்லை. ஒவ்வொரு நாளும் ஹென்னெக்கே நாளாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள்மேல்தான் கோபம்.”

தாத்தா சரியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். நான் பெர்லினில் படித்த இன்னொரு கதையும் இதே மாதிரிதான். ஹான்ஸ் கார்பே என்ற உலை கட்டுபவர், நெருப்பை அணைக்காமலேயே ஆலையின் வளைய உலையை அறை அறையாகப் புதுப்பித்துக் காட்டினார். வெக்கையில் வேலை செய்து உற்பத்தியைக் காப்பாற்றிய அந்த மனிதரைச் சகதொழிலாளர்கள் கூலிக்கு வேட்டு வைக்கிறவன் என்றுதான் பார்த்தார்கள். இருவரும் கெட்டவர்கள் அல்லர். இருவரையும் வெறுத்தவர்களும் சோம்பேறிகள் அல்லர். கூலியின் அளவுகோலையும் பாராட்டின் அளவுகோலையும் ஒரே கையில் வைத்திருந்தவர்கள்மீதுதான் எனக்குக் குற்றம் சொல்லத் தோன்றுகிறது. வேறொரு நாட்டில் அந்தத் தொழிலாளிகள் சங்கத்திடம் போய் முறையிட்டிருப்பார்கள். இங்கே சங்கமே மேடைக்குப் பூங்கொத்து வாங்கிக்கொண்டு வந்தது.

ஹென்னெக்கே பிறகு இங்கே அதிகம் இருக்கவில்லை. தேசியப் பரிசு, நாடாளுமன்றம், கட்சியின் மத்தியக் குழு, பெர்லினில் பதவி. அக்டோபர் 13 ஆக்டிவிஸ்ட் நாள் ஆனது. 1975 பிப்ரவரியில் இறந்தார். மேலே ஏறி வந்து, முற்றத்தில் நின்று, நானும் பழக்கமில்லாத வாயால் சுற்றுக்காட்டிக்கு ‘க்ளூக் அவுஃப்’ சொன்னேன். அவர் உரக்கப் பதில் சொல்லிவிட்டு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்டார்.

வெள்ளி, ஸிட்டாவ்

டிரெஸ்டனிலிருந்து கிழக்கே, நாடு முடியும் இடம்வரை. போலந்தும் செக்கும் நடந்து போகும் தூரத்தில். ஸிட்டாவும் சுற்றுவட்டாரமும் நூற்றாண்டுகளாக நெசவு ஊர்கள்.

ஃப்ரீடா ஹொக்காவ் இங்கே எந்திர நெசவாலையில் தறி ஓட்டியவர். 1953 செப்டம்பர் கடைசியில், அதாவது டாங்குகள் வந்து போன மூன்று மாதத்தில், ஐம்பது வயதில் ஓர் உறுதிமொழி கொடுத்தார்: ஆண்டின் கடைசிக் காலாண்டில் திட்டத்துக்கு மேல் 45 மீட்டர் நல்ல துணி நெய்து தருவேன். அவர் சொன்ன வாக்கியம்தான் நாடெங்கும் பதாகைகளில் ஏறியது: இன்று நாம் எப்படி உழைக்கிறோமோ, அப்படித்தான் நாளை வாழ்வோம். மறு ஆண்டு உழைப்பு வீரர் பட்டம்.

387 சதவீதத்துக்குப் பக்கத்தில் 45 மீட்டரை வைத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு 45 மீட்டர் என்றால் ஒரு வேலைநாளுக்கு ஒரு மீட்டர்கூட முழுதாக இல்லை. பயமுறுத்தாத எண். ஜூன் மாதத்துக்குப் பிறகு அரசு குரலைத் தாழ்த்திப் பேசக் கற்றுக்கொண்டது என்றே நான் இதைப் படிக்கிறேன். மலையைப் புரட்டிய ஆண் போய், கொஞ்சம் கூடுதலாக நெய்யும் நடுவயதுப் பெண் வந்தார். அவரைப் பார்த்து யாருக்கும் நம் கூலி போய்விடும் என்று உடனே திகில் வராது.

வாக்கியம் மட்டும் வாக்குறுதியாக நின்றுவிட்டது. நாளை என்றால் எந்த நாளை? பதாகையின் கீழே வரிசையில் நின்றவர்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக அதைக் கேட்டிருப்பார்கள். 1990க்குப் பிறகு மேற்கத்திய நாணயம் வந்த வேகத்தில் இந்த வட்டாரத்தின் நெசவாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின.

சனி, ஸிட்டாவ்

காலையில் திருச்சிலுவைத் தேவாலய அருங்காட்சியகம். 1472இல் தீட்டிய லினன் தவக்காலத் திரை, 8.20 மீட்டர் உயரம், 6.80 அகலம், 90 விவிலியக் காட்சிகள். 1945இல் சோவியத் வீரர்கள் இதை நான்காக வெட்டி, காட்டில் நீராவிக் குளியலுக்கு மறைப்பாகக் கட்டினார்கள். ஆவியில் வண்ணம் கரைந்த இடங்கள் இன்றும் தெரிகின்றன. ஐநூறு ஆண்டுக்கு முன் யாரோ நெய்த துணி வெட்டுப்பட்டும் அந்து போகவில்லை. நெய்தவருக்குப் பட்டம் எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

நான் தங்கியிருக்கும் வீட்டின் உரிமையாளர் எண்பதை நெருங்கும் பொறியாளர். இந்த ஊரில் ரோபூர் லாரிகள் செய்த காலத்தின் மனிதர். நான் எதைத் தேடி வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் மாலைக் காபி நேரத்தில் ஓர் ஆவணக் கோப்பை எடுத்து வந்து மேசையில் வைத்தார். ஆக்டிவிஸ்ட் சான்றிதழ்கள், கெட்டி அட்டையில், வரிசையாக. குழுவின் பட்டத்துக்கான சான்றிதழ், அதற்குத் தனி உறை. ஒன்றில்கூட மடிப்பு விழவில்லை.

கிழக்கு ஜெர்மனியில் பொறியாளர்களுக்கு 1950 முதல் கூடுதல் ஓய்வூதியத் திட்டம் ஒன்று இருந்தது. நாடு ஒன்றான பின் அதன் உரிமைகளைப் பொது ஓய்வூதியத்தோடு சேர்த்தார்கள். ஆண்டுக் கடைசியில் ஆலைகள் கொடுத்த ஊக்கத்தொகையையும் அவர்களின் வருமானக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2007இல் கூட்டாட்சி சமூக நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆயிரக்கணக்கான முதியவர்கள் பரண்களில் ஏறினார்கள். இவரும் ஏறினார். விண்ணப்பத்தோடு இந்தச் சான்றிதழ்களின் நகல்களையும் இணைத்து அனுப்பினார். அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: சிறந்த தொழிலாளி என்பதில் ஐயமில்லை, எவ்வளவு தொகை கையில் வந்தது என்பதற்குச் சீட்டு வேண்டும்.

“அந்தச் சீட்டெல்லாம் எங்கே?” என்று கேட்டேன்.

“அடுப்புப் பற்றவைக்க எடுத்தேன்” என்றார் சமையலறையிலிருந்து அவருடைய மனைவி. “இந்த அட்டைகளையும் எடுத்திருப்பேன். கெட்டியாக இருக்கும், சரியாகப் பற்றாது.”

பொறியாளர் ஆவணக் கோப்பை மூடிக்கொண்டு, எந்த ஆண்டு எவ்வளவு வாங்கினார் என்பதை மனப்பாடமாக ஒப்பிக்கத் தொடங்கினார். 1978க்கு வந்தபோது மனைவி இல்லை என்று மறுத்து வேறொரு தொகையைச் சொன்னார். நான் இரண்டாவது கேக் துண்டை எடுத்துக்கொண்டேன். அவர்கள் 1983ஐத் தாண்டி இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.